ஜியாலோ படங்களின் பல பதிப்புகளை ஒப்பிட்டு அறிவது எப்படி

இத்தாலிய இயக்குநர் தாரியோ அர்ஜெந்தோ 1975இல் வெளியிட்ட ‘புரொஃபோந்தோ ரொஸ்ஸோ’ இத்தாலியத் திரையரங்குகளில் ஏறத்தாழ 127 நிமிடம் ஓடியது. ‘டீப் ரெட்’ என்ற பெயரில் ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கென ஆக்கப்பட்ட ஏற்றுமதிப் பதிப்போ ஏறத்தாழ 105 நிமிடந்தான். இரண்டையும் தனித்தனியே பார்த்த இருவர் அந்தப் படத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், ஒருவர் சொல்லும் காட்சியை மற்றவர் கண்டிருக்கவே மாட்டார். ஜியாலோ எனப்படும் இத்தாலியக் கொலை மர்மப் படங்களில் இது வெகு சாதாரணம். 1960களிலிருந்து 1980கள் வரை எடுக்கப்பட்ட இப்படங்களை ஒவ்வொரு நாட்டின் விநியோகஸ்தரும் தணிக்கையாளரும் தொலைக்காட்சி நிலையமும் தத்தமக்கு வேண்டியவாறு கத்தரித்தார்கள். பின்னர் வந்த ஒளிநாடாக்களும் டிவிடிகளும் புளூரேக்களும், அக்கத்தரிப்புகளுள் எது யாருடைய கைக்குக் கிடைத்ததோ அதிலிருந்து செய்யப்பட்டன. ஆகவே எந்த வெளியீட்டை வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்னர், எந்த வெளியீட்டில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதை நாமே சோதித்து அறியக் கற்றுக்கொள்வது நல்லது. அதற்கு ஒரு மடிக்கணினி, விஎல்சி போன்ற ஓர் இலவச இயக்கி (படம் ஓட்டும் மென்பொருள்), ஒரு கொப்பி, ஒரு காதொலிப்பான் (ஹெட்ஃபோன்) ஆகியவை போதும். காதொலிப்பான் ஒலியை ஒப்பிடுவதற்கு மட்டுமன்றி, முன்னறையில் சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த வகைப் படங்களின் அலறலை அடக்குவதற்கும் உதவும்.

கையில் இருப்பது என்ன?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இத்தகைய இறுவட்டைக் கடையில் வாங்குவது அரிது. பெரும்பாலும் அது இலண்டனிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ தொறொன்ரோவிலிருந்தோ விடுமுறைக்கு வரும் மைத்துனரின் பயணப் பெட்டியில்தான் வருகிறது. அப்படி வருகிற இறுவட்டுக்கு அது விற்கப்பட்ட பிரதேசத்தின் பூட்டு உண்டு. டிவிடியில் இலங்கை 5ஆம் வலயம். பிரித்தானியா, சுவிட்சர்லாந்து, வளைகுடா நாடுகள் 2ஆம் வலயம். கனடா 1ஆம் வலயம். புளூரேயில் இலங்கை ‘சி’ வலயம், ஐரோப்பாவும் மத்திய கிழக்கும் ‘பி’, வட அமெரிக்கா ‘ஏ’. 4கே அல்ட்ரா எச்டி இறுவட்டுகளுக்கு வலயப் பூட்டு இல்லை; ஆனால் அதே பெட்டியினுள் கூடவே வரும் புளூரேக்கு இருக்கலாம். கணினியின் டிவிடி இயக்ககத்தில் வலயத்தை 5 தடவை மட்டுமே மாற்றலாம், அதன்பின் கடைசியாக வைத்த வலயத்திலேயே அது நின்றுவிடும். எனவே உறவினரிடம் சொல்லி அனுப்பும்போதே, உங்கள் இயக்கி எந்த வலயத்தை ஏற்கும் என்பதை அறிந்து, எந்த நாட்டு வெளியீடு வேண்டும் என்று திட்டமாகச் சொல்லுங்கள். “அந்த இத்தாலியப் படம்” என்று மட்டும் சொன்னால், ஒரு படத்துக்கு நான்கு ஆங்கிலப் பெயர்கள் இருக்கும் இவ்வகையில், வேறொன்று வந்து சேரும்.

உறையில் அச்சிட்ட நிமிடக் கணக்கை நம்ப வேண்டாம். அது பழைய விளம்பரத்திலிருந்து எடுத்தெழுதப்பட்டதாக இருக்கலாம், அல்லது வேறொரு பதிப்பின் கணக்காக இருக்கலாம். இறுவட்டையே திறந்து உண்மையான நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மீடியாஇன்ஃபோ என்ற சிறு மென்பொருள் நீளத்தோடு செக்கனுக்கு எத்தனை சட்டகங்கள் (தனித்தனி நிலைப்படங்கள்), படத்தின் அகல உயரம் எவ்வளவு, ஒலித்தடங்கள் எத்தனை என்பவற்றையும் காட்டும். இவற்றைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிய பின்னரே படத்தைப் பார்க்கத் தொடங்க வேண்டும்.

நிமிடங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருதல்

திரைப்படம் செக்கனுக்கு 24 சட்டகங்கள் ஓடும். ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் செய்யப்பட்ட ஐரோப்பிய டிவிடி, அதே படத்தைச் செக்கனுக்கு 25 சட்டகங்களாக ஓட்டுகிறது. ஒரு சட்டகமும் குறையாமலேயே படம் 4 சதவீதம் சுருங்கிவிடும். குரலும் இசையும் சிறிது கீச்சென்று உயரும். 127 நிமிடப் படம் அங்கே ஏறத்தாழ 122 நிமிடமாகிறது. ஐந்து நிமிடத்தைத் தணிக்கை தின்றுவிட்டது என்று பலரும் இணையத்தில் புலம்புவது இதைப் பார்த்துத்தான். ஆகவே 25 சட்டகம் என்று மீடியாஇன்ஃபோ காட்டினால், ஓடும் நேரத்தை 25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்து, அந்த விடையையே ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டும். வட அமெரிக்க டிவிடிகளிலும் பெரும்பாலான புளூரேக்களிலும் இந்தச் சுருக்கம் இல்லை. புளூரே 24க்குப் பதிலாக 23.976 என்று ஓடினால் 127 நிமிடத்துக்கு வெறும் 7 செக்கன் அளவே கூடும்; அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

தொடக்கத்தில் வரும் நிறுவன முத்திரைகளையும் இறுதியில் வரும் புதுப்பித்தல் நன்றியுரைகளையும் கழித்துவிட வேண்டும். படத்துக்கே உரிய முதற் சட்டகம் தோன்றும் கணத்தைப் பூச்சியமாகக் கொள்ளுங்கள். சில பழைய டிவிடிகளில் மூன்று நிறுவனங்களின் முத்திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் ஒரு நிமிடம் அதிலேயே போய்விடும்.

நங்கூரக் காட்சிகள்

மொத்த நீளம் வேறுபட்டால், வேறுபாடு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பதிப்புகளையும் முழுமையாக ஒருங்கே ஓட்டிப் பார்ப்பது களைப்பை மட்டுமே தரும். அதற்குப் பதிலாக, எந்தப் பதிப்பிலும் தவறாமல் இருக்கக்கூடிய பத்துப் பன்னிரண்டு கணங்களைத் தெரிவு செய்யுங்கள்: ஒரு கதவு சாத்தப்படும் சட்டகம், தொலைபேசி முதன்முதலாக மணியடிக்கும் இடம், ஒரு கொலையில் கத்தி முதலில் மின்னும் சட்டகம். வெட்டுக்குள்ளாகக் கூடிய கொலையின் நடுப்பகுதியை நங்கூரமாகக் கொள்ளாதீர்கள். அதன் வாசலைக் கொள்ளுங்கள். விஎல்சியில் ‘ஈ’ விசையை அழுத்தினால் படம் ஒவ்வொரு சட்டகமாக நகரும் என்பதால் கணத்தைத் துல்லியமாகப் பிடிக்கலாம்.

எடுத்துக்காட்டாக, புளூரேயில் முதல் நங்கூரம் 12:00 என்றும் இரண்டாவது 31:30 என்றும் வருகின்றன என்று கொள்வோம். ‘பால்’ டிவிடியில் முதலாவது 11:31 இலும் இரண்டாவது 28:50 இலும் வருகின்றன. 11:31ஐ 24 சட்டகக் கணக்குக்கு மாற்றினால் 12:00 ஆகும். அதுவரை எதுவும் குறையவில்லை. 28:50ஐ மாற்றினால் 30:02 ஆகும். இருக்க வேண்டியதோ 31:30. ஆக இவ்விரு நங்கூரங்களுக்கும் இடையில் 88 செக்கன் காணாமற் போயிருக்கிறது. இனி அந்த இடைவெளியின் நடுவில் இன்னொரு நங்கூரத்தை இட்டுப் பாதியாக்கி, மீண்டும் பாதியாக்கிச் சென்றால், ஐந்தாறு தடவைக்குள் வெட்டு விழுந்த இடத்தையே தொட்டுவிடலாம். இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்ட விரும்பினால், ‘பால்’ பதிப்பின் ஓட்ட வேகத்தை 0.96 என்று குறைத்துவிடுங்கள்; இரண்டும் கைகோத்து நடக்கும், வெட்டு வந்த இடத்தில் ஒன்று முந்திக்கொள்ளும்.

மின்வெட்டு வரக்கூடிய நாட்களில் நங்கூரங்களைக் கணினியில் மட்டும் பதிந்து வைக்காதீர்கள். கொப்பியில் பேனையால் எழுதுவதே பாதுகாப்பு.

ஒலித்தடமே வரைபடமாகும் இடம்

இந்த வேலையை வெகுவாக எளிதாக்கும் ஒரு வழி, இத்தாலியப் படங்களின் ஒலி முறையிலிருந்தே கிடைக்கிறது. அக்காலத்து இத்தாலியப் படங்களில் பெரும்பாலும் குரல்கள் படப்பிடிப்புக்குப் பின்னரே பதிவுசெய்யப்பட்டன. ஆங்கில நடிகர் ஆங்கிலத்திலும் இத்தாலிய நடிகை இத்தாலியத்திலும் பேசி நடிப்பார்கள். பிறகு முழுப்படத்துக்கும் இத்தாலியக் குரல் ஒரு தடவையும் ஆங்கிலக் குரல் ஒரு தடவையும் சேர்க்கப்படும். எனவே “மூல மொழி எது?” என்ற வாதத்தில் இறங்கிக் காலத்தைக் கழிக்க வேண்டியதில்லை, இரண்டுமே பின்குரல்கள்தாம். நம் தேவைக்கு முக்கியமானது இது: ஏற்றுமதிக்கென வெட்டப்பட்ட காட்சிகளுக்குப் பல படங்களில் ஆங்கிலக் குரல் கிடைப்பதில்லை. ஆதலால் முழு நீளப் பதிப்பை ஆங்கிலத் தடத்தோடு வெளியிடும் நிறுவனம், அக்காட்சிகள் வரும்போது இத்தாலியக் குரலுக்குத் தாவி உபதலைப்புப் போடுகிறது.

‘புரொஃபோந்தோ ரொஸ்ஸோ’வின் முழுப் பதிப்பை ஆங்கிலத் தடத்தில் ஓட்டிவிட்டு, பாத்திரங்கள் திடீரென இத்தாலியத்தில் பேசத் தொடங்கும் ஒவ்வொரு கணத்தையும், மீண்டும் ஆங்கிலத்துக்குத் திரும்பும் கணத்தையும் குறித்துக்கொண்டு போனால், ஏற்றுமதிப் பதிப்பில் இல்லாத காட்சிகளின் பட்டியல், அந்தப் பதிப்பைக் கண்ணால் காணாமலேயே கைக்கு வந்துவிடும். நாயகனான பியானோக் கலைஞனுக்கும், தாரியா நிக்கொலோதி நடித்த பத்திரிகையாளர் ஜியான்னாவுக்கும் இடையிலான சீண்டலும் கேலியுமே அப்பட்டியலில் நிறைந்திருப்பதை அப்போது காண்பீர்கள். கொலைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. ஆக இந்த 22 நிமிடத்தைக் கொண்டுபோனது தணிக்கையாளரின் கத்தரி அன்று. மர்மத்தை விரைவுபடுத்த விரும்பிய வணிகக் கணக்கு. என் மதிப்பீட்டில், முதற் தடவை பார்ப்பவர் முழுப் பதிப்பையே பார்க்க வேண்டும்: ஜியான்னா முழு மனுஷியாக உருவாவது அதில்தான், அவளுக்கு ஏதும் நேர்ந்துவிடுமோ என்ற பயம் நமக்கு வருவதும் அதனால்தான். இரண்டாம் தடவை, துப்புகள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்று ஆராய, குறுகிய பதிப்பு மிகவும் வசதியானது.

இந்த வழியில் ஓர் ஓட்டை உண்டு. பேச்சே இல்லாத காட்சி வெட்டப்பட்டிருந்தால் மொழி மாற்றம் அதைக் காட்டிக்கொடுக்காது. அதற்கு நங்கூரக் கணக்கே துணை.

யார் வெட்டியது என்பதைக் கண்டறிதல்

வெட்டின் இடம் தெரிந்த பின், வெட்டியவர் யார் என்பதை ஊகிக்கச் சில அடையாளங்கள் இருக்கின்றன. 35 மில்லிமீட்டர் திரையிடற் சுருளில், ஒலிவரி தனக்குரிய படத்துக்கு ஏறத்தாழ 20 சட்டகங்கள் முன்னதாக அச்சிடப்பட்டிருக்கும். எறிகருவியில் படம் ஒளிரும் வாசலும் ஒலியை வாசிக்கும் இடமும் வேறுவேறு என்பதே காரணம். யாரோ ஒருவர் முடிந்துவிட்ட சுருளை எடுத்துக் கத்தரியால் வெட்டி ஒட்டியிருந்தால், படம் முதலில் தாவும். முக்கால் செக்கனுக்குச் சற்றுக் கூடுதலான நேரம் கழித்தே இசை தாவும். இந்தத் தடுமாற்றம் காதில் விழுந்தால், அது தணிக்கைச் சபையின் அல்லது திரையரங்குக்காரரின் வேலை, அல்லது சுருள் அறுந்து ஒட்டிய பழுது. மாறாக, படம் மாறும்போது இசை தடையின்றிப் பாய்ந்தோடினால், ஒலிக்கலவையையே புதிதாகச் செய்தவர் வெட்டியிருக்கிறார். அவர் தயாரிப்பாளராகவோ பெரிய விநியோக நிறுவனமாகவோ இருப்பார்.

திரையின் வலது மேல் மூலையில் ஒரு வட்டப் புள்ளி தோன்றி மறைவதை அடுத்துச் சில செக்கன்கள் குறைந்தால், அது சுருள் மாறும் இடத்தில் நேர்ந்த தேய்வு. சுருளின் தலையும் வாலும்தான் எப்போதும் முதலில் கிழிகின்றன. அர்ஜெந்தோவின் 1971ஆம் ஆண்டுப் படமாகிய ‘4 மொஸ்கே தி வெல்லூத்தோ கிரீஜோ’ பல ஆண்டுகள் முறையான வெளியீடு இன்றிக் கிடந்து, பின்னர் வந்தபோதும் சுமார் 40 செக்கன் குறைவாக வந்தது. அடுத்து வந்த ஒரு வெளியீடு அந்தத் துண்டுகளைத் தரம் குறைந்த வேறொரு மூலத்திலிருந்து எடுத்துச் செருகியது. நன்றாக இருக்கும் படம் சில செக்கன்களுக்குத் திடீரென மங்கினால், அது இறுவட்டின் பழுது அன்று. யாரோ தேடிக் கொண்டுவந்து சேர்த்த துண்டு. மங்கலாக இருந்தாலும் அது இருப்பதே மேல் என்பது என் கருத்து.

அமெரிக்க விநியோகஸ்தர்களின் வெட்டு வேறு விதம். அர்ஜெந்தோவின் ‘தெனெப்ரே’ 1982இல் வந்தது. அமெரிக்காவில் அது ஏறத்தாழ 10 நிமிடம் குறைக்கப்பட்டு ‘அன்சேன்’ என்ற பெயரில் வெளியானது. 1985இன் ‘ஃபெனொமெனா’ இன்னும் பெரிய பாடம்: இத்தாலியப் பதிப்பு 116 நிமிடம், சர்வதேசப் பதிப்பு 110 நிமிடம், ‘க்ரீப்பர்ஸ்’ என்ற அமெரிக்கப் பதிப்பு 83 நிமிடம். 116க்கும் 110க்கும் இடையே உள்ளவை பெரும்பாலும் காட்சிகளின் வால்களும் தலைகளும். அரை மணி நேரத்துக்கு மேல் இழந்த 83 நிமிடப் பதிப்பிலோ கதையின் மூட்டுகளே கழன்றுவிட்டன. முதல் இரண்டையும் வேறுபடுத்த நங்கூரங்கள் நெருக்கமாக வேண்டும். மூன்றாவதைக் கண்டுகொள்ள நங்கூரமே தேவையில்லை.

பிரித்தானிய வெளியீடுகளில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். 1984இன் வீடியோப் பதிவுச் சட்டத்தை ஒட்டி எழுந்த கெடுபிடியில் ‘தெனெப்ரே’ தடைப் பட்டியலில் ஏறியது. அது முழுமையாக அங்கே வெளிவர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. இன்னோர் இத்தாலிய இயக்குநரான லூச்சியோ ஃபுல்ச்சியின் ‘லோ ஸ்குவார்த்தத்தோரே தி நியூ யோர்க்’ 1984இல் அங்கே அனுமதி மறுக்கப்பட்டது; பின்னர் வந்த வெளியீடுகளிலும் வெட்டு இருந்தது. ஆகவே பழைய பிரித்தானிய ஒளிநாடாவையோ டிவிடியையோ முழுமையானது என்று சோதியாமல் ஏற்க வேண்டாம். இரண்டாவது, விலங்குகளைத் துன்புறுத்திப் படமெடுப்பதைத் தடுக்கும் 1937ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே உண்டு. மனிதர்களின் கொலை தப்பித்துப் பல்லியின் துன்பம் வெட்டப்பட்டிருந்தால் வியப்படைய வேண்டாம். அந்த ஒரு வெட்டுக்காக எனக்கு வருத்தமில்லை.

இத்தாலியத் தொலைக்காட்சிப் பதிப்புகளும் வேறானவை. 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்று முத்திரை பெற்ற படத்தைத் தொலைக்காட்சியில் காட்ட முடியாது என 1990இல் வந்த சட்டம் வரையறுத்ததால், பல படங்கள் வெட்டப்பட்டு, 14 வயது முத்திரையோடு மீண்டும் பதியப்பட்டன. இணையத்தில் கிடைக்கும் பழைய இத்தாலிய ஒளிபரப்புப் பதிவுகள் பெரும்பாலும் இவையே.

சட்டகத்தின் ஓரம்

ஜியாலோவின் உயிர் ஒரு பார்வையில் இருக்கிறது. சாட்சியான ஒருவர் எதையோ பார்க்கிறார், பார்த்ததைச் சரியாக உணரவில்லை, படம் முடியும்போதுதான் உணர்கிறார். நேர்மையான இயக்குநர் அந்தத் துப்பை நமக்கும் முன்கூட்டியே காட்டியிருப்பார், பலவேளைகளில் சட்டகத்தின் ஓரத்தில். இதனால்தான் பதிப்புகளை ஒப்பிடும்போது வெட்டப்பட்ட நிமிடங்களுக்குச் சமமாக வெட்டப்பட்ட அகலத்தையும் பார்க்க வேண்டும். இப்படங்களுள் பல, செலவைக் குறைக்க, ‘டெக்னிஸ்கோப்’ முறையில் 2.35:1 என்ற அகன்ற வடிவில் எடுக்கப்பட்டவை. அதைப் பழைய சதுரத் தொலைக்காட்சிக்கென 1.33:1 ஆக நறுக்கினால் படத்தின் ஏறத்தாழ 43 சதவீதம் வெளியே போய்விடும். ‘புரொஃபோந்தோ ரொஸ்ஸோ’வின் தொடக்கப் பகுதியில் ஒரு நடைக்கூடம் வரும். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லப்போவதில்லை. நறுக்கப்பட்ட ஒளிநாடாவில் அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு இயக்குநர் செய்த சூதும் நேர்மையும் இரண்டுமே தெரியாமற் போகும் என்று மட்டும் சொல்லலாம்.

சோதிப்பது எளிது. 1920க்கு 1080 புள்ளிகள் உள்ள புளூரேச் சட்டகத்தைப் படமாகச் சேமித்து, மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டையைத் தவிர்த்துப் படத்தின் உயரத்தை அளவிடுங்கள். ஏறத்தாழ 817 புள்ளி என்றால் 2.35:1, 960 என்றால் 2:1, 1038 என்றால் 1.85:1. பக்கங்களில் கறுப்புப் பட்டை இருந்து படத்தின் அகலம் 1793 புள்ளி அளவில் நின்றால் 1.66:1. அர்ஜெந்தோவின் முதற் படமான, 1970இன் ‘லுச்செல்லோ தல்லெ பியூமே தி கிறிஸ்தால்லோ’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் ஒளிப்பதிவாளர் வித்தோரியோ ஸ்தொராரோ பிற்காலத்தில் எல்லாப் படங்களும் 2:1 வடிவில் இருக்க வேண்டும் என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டார். 2011இல் பிரித்தானியாவில் வந்த புளூரே அதற்கேற்ப 2:1 ஆக நறுக்கப்பட்டிருந்தது. 2017இல் வந்த புதிய 4கே புதுப்பித்தலில் அது 2.35:1க்கே திரும்பியது. ஒளிப்பதிவாளரே விரும்பினார் என்பதற்காக 1970இல் திரையரங்கில் இருந்த ஓரங்களை இழக்க நான் உடன்படேன்.

கடிதங்கள், நாளிதழ்த் தலைப்புகள், சுவர் எழுத்துகள் ஆகியவற்றை நெருங்கிக் காட்டும் சட்டகங்களையும் ஒப்பிடுங்கள். ஆங்கிலப் பதிப்புக்கென இவை தனியே ஆங்கிலத்தில் எடுக்கப்படுவது வழக்கம். இத்தாலியத் தலைப்பு வரிசையோடு தொடங்கி, நடுவில் ஆங்கிலக் கடிதம் வந்தால், உங்கள் இறுவட்டு இரு மூலங்களை இணைத்து ஆக்கியது என்று கொள்ளலாம்.

நிறமும் மணியும்

நிறத்தை ஒப்பிடும்போதுதான் அதிகம் சண்டை மூளும். சண்டைக்கு முன்னர் உங்கள் கருவியைச் சந்தேகியுங்கள். டிவிடிக்கும் புளூரேக்கும் நிறத்தைக் குறிக்கும் அட்டவணை வேறு. இயக்கி ஒன்றை மற்றொன்றாக வாசித்தால் சிவப்பும் பச்சையும் சற்றே பெயரும். 4கே இறுவட்டின் அகன்ற ஒளி வீச்சைச் சாதாரணத் திரையில் போட்டால் படம் வெளிறித் தெரியும். இவை வெளியீட்டின் குறைகள் அல்ல. படம் முழுவதும் இளஞ்சிவப்பாக ஊறிக் கிடந்தால், நிறம் மங்கிய பழைய திரையிடற் சுருளிலிருந்து எடுத்தது. அக்காலச் சுருள்களில் பலவற்றில் நீலப்பச்சைச் சாயமே முதலில் அழியும்.

‘டெக்னிஸ்கோப்’ முறையில் ஒவ்வொரு சட்டகமும் சுருளில் பாதி உயரத்தையே பிடிக்கும் என்பதால், பெரிதாக்கும்போது படச்சுருளின் மணி மணியான துகளமைப்பு (‘கிரெயின்’) வெளிப்படையாகத் தெரியும். அது படத்தின் இயல்பு. முகங்கள் மெழுகு பூசினாற் போல வழவழப்பாக இருந்தால், யாரோ மணிகளைத் துடைத்துவிட்டார்கள். கூடவே கண்ணிமையும் தோலின் சுருக்கமும் போயிருக்கும். அதற்கு மறுதலையாக, மணி அசையாமல் திரையோடு ஒட்டிய சல்லடை போல நின்றால், அது வருடும் கருவியின் இரைச்சல். 2010ஐ ஒட்டி வந்த சில இத்தாலியப் புளூரேக்களில் இதைப் பார்க்கலாம். ஒரே சட்டகத்தை இரண்டு பதிப்பிலும் சேமித்து, ஒன்றன்மேல் ஒன்றாக மாறி மாறிப் பார்ப்பதே சிறந்த முறை. வெவ்வேறு சட்டகங்களை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஒலியில் முதலில் பார்க்க வேண்டியது, திரையரங்கில் இருந்த ஒற்றைத் தட ஒலி இறுவட்டில் இருக்கிறதா என்பது. பிற்காலத்தில் பல ஒலிபெருக்கிகளுக்கென 5.1 ஆக்கப்பட்ட கலவைகள் சிலவற்றில் காலடி ஓசைகளும் கதவொலிகளும் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கும்; ஜியோர்ஜியோ கஸ்லினியும் கொப்ளின் குழுவும் இசைத்த ‘புரொஃபோந்தோ ரொஸ்ஸோ’ போன்ற ஒரு படத்தில் அப்படிச் செய்வது எனக்கு உவப்பானதன்று. இச்சோதனைக்கு அமைதி வேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் நாட்களில் ஊரின் ஒலிபெருக்கிகள் ஓயும்வரை இந்தப் பகுதியை ஒத்திவைத்தல் நலம். உபதலைப்பில் ஒரு சோதனை: இத்தாலியத் தடத்தை ஓட்டி, உபதலைப்பில் உள்ள ஒரு நீண்ட வசனத்தை ஆங்கிலத் தடத்தில் கேட்டுப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் ஒத்திருந்தால், அது இத்தாலியத்தின் மொழிபெயர்ப்பு அன்று. ஆங்கிலப் பின்குரலை எழுதி ஒட்டியது. இரு குரல்களும் துப்புகளை வேறுவிதமாகச் சொல்லக்கூடும் என்பதால் இது சிறிய விஷயம் அன்று.

நீளமானதுதான் சிறந்ததா?

சேகரிப்பாளர்களிடையே, மிக நீண்ட பதிப்பே உண்மையான பதிப்பு என்ற நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. இயக்குநர் மரியோ பாவாவின் 1963ஆம் ஆண்டுப் படம் அதற்கு நல்ல மறுப்பு. ஜியாலோவின் தொடக்கம் என்று பலரும் கொள்ளும் அந்தப் படம், ‘லா ரகாத்சா கே சபேவா த்ரொப்போ’ என்ற இத்தாலிய வடிவில் 86 நிமிடம். ‘தி ஈவில் ஐ’ என்ற அமெரிக்க வடிவிலோ 92 நிமிடம். அமெரிக்கர்கள் அதைக் குறைக்கவில்லை, கூட்டினார்கள்: நகைச்சுவையைச் சேர்த்து, ரொபேர்த்தோ நிக்கொலோசியின் இசையை நீக்கி லெஸ் பாக்ஸ்டரின் இசையை வைத்து, கஞ்சாச் சுருட்டைப் பற்றிய முடிவுக் குறும்பை எடுத்துவிட்டார்கள். இவற்றுள் ஒன்று மற்றொன்றின் சிதைவு என்று சொல்ல முடியாது. ஒரே படப்பிடிப்பிலிருந்து பிறந்த இரண்டு படங்கள் அவை.

விடிய விடியக் களரியில் ஆடும் வடமோடிக் கூத்தை அண்ணாவியாரே இரண்டு மணி நேர மேடைக்குச் சுருக்குவது வேறு, மழை வந்ததால் பாதியில் நிறுத்துவது வேறு. எந்தப் பதிப்பை எடுத்தாலும், அது இவற்றுள் எந்த வகை என்று கேளுங்கள். துப்புகள் எல்லாம் தப்பியிருக்கின்றனவா, கொலையாளியின் காரணம் புரிகிறதா, ஒரு பாத்திரம் விளக்கமின்றி மறைந்துபோகிறதா என்ற மூன்று கேள்விகளும் பெரும்பாலும் விடையைத் தந்துவிடும்.

பதிவேட்டை எழுதும் முறை பற்றி ஒரு சொல். ஒவ்வொரு இறுவட்டுக்கும் வெளியிட்ட நாடு, ஆண்டு, சட்டக வேகம், திருத்திய நீளம், பட வடிவம், ஒலித்தடங்கள், நங்கூர நேரங்கள் ஆகியவற்றை ஒரே ஒழுங்கில் எழுதுங்கள். காட்சிகளைக் குறிக்கையில் கொலையாளியின் பெயரை எழுதாமல் ‘கையுறை அணிந்தவர்’ என்று எழுதினால், கொப்பியை மற்றவருக்கு இரவல் கொடுக்கலாம். (அர்ஜெந்தோவின் படங்களில் அந்தக் கையுறைக்குள் இருப்பவை பெரும்பாலும் அவருடைய சொந்தக் கைகளே என்பதால், இது பொய்யும் அன்று.) ஐப்பசி கடந்து தை வரை நம் பக்கம் அடிக்கும் ஈரக் காற்றில் இறுவட்டுகளின் மேல் பூஞ்சணம் படியும், காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொதியோடு வையுங்கள். படிந்துவிட்டால் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம்.

பழகுவதற்கு ‘ஃபெனொமெனா’வைத் தெரிவு செய்யுங்கள். 2017இல் பிரித்தானியாவில் வந்த வரையறுக்கப்பட்ட புளூரேத் தொகுப்பில் மூன்று பதிப்புகளும் சேர்ந்தே இருக்கின்றன. முதலில் 116 நிமிடப் பதிப்பைக் கலப்பு மொழித் தடத்தில் ஓட்டி, மொழி தாவும் இடங்களை எழுதுங்கள். பின்னர் 110 நிமிடப் பதிப்பை நங்கூரங்களால் அளந்து, நீங்கள் எழுதிய பட்டியலில் எத்தனை வெட்டுகள் பேச்சில்லாதவை என்பதால் தப்பிவிட்டன என்று பாருங்கள். 83 நிமிடப் பதிப்பைக் கடைசியாக, நேரம் மிஞ்சினால் மட்டும் எடுங்கள்.